சோரா என்று எழுதிய கை

முன்னறையிலிருந்து அந்தக் கனைப்பு கேட்டபோது வெர்னாவின் இரண்டு கைகளும் இறகுக்குள் இருந்தன.

குதிரைக்குட்டி கனைப்பதுபோல உச்சத்தில் தொடங்கி, படிப்படியாக இறங்கி, கடைசியில் மூச்சாகக் கரைந்துபோகும் சத்தம். சதுப்பில், காட்டரிசித் தாள்களுக்குள் ஒளிந்துகொண்டு அந்தச் சின்னப் பறவை எழுப்புகிற சத்தம். பறவை வீட்டுக்குள் வராது. அது எல்வுட்டின் வாய். பறவையை ஏமாற்றிப் பதில் சொல்ல வைப்பதற்காகப் படகில் நிற்கும்போது மட்டும்தான் அவன் அப்படிக் கனைப்பான். கல்யாணமான புதிதில் வெர்னா கெஞ்சிக் கேட்டபோதுகூட, "வீட்டுக்குள்ள எதுக்கு? நீ என்ன புல்லுக்குள்ளயா ஒளிஞ்சிருக்க?" என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனவன்.

அடுத்த நொடி இன்னொரு கனைப்பு கேட்டது. அதே ஏற்றம், அதே இறக்கம். ஆனால் பெண்குரல்.

"இன்னும் மறக்கலையா, சோரா?" என்றது எல்வுட்டின் குரல். அந்தக் குரலில் ஒரு குழைவு இருந்தது. இத்தனை வருஷத்தில் வெர்னா அந்தக் குழைவைக் கேட்டதில்லை.

அவள் கையிலிருந்த பறவை மேசைமேல் விழுந்தது. எதிரே உட்கார்ந்து இறகு பிடுங்கிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு ஹெட்டி, தலையைத் தூக்காமல் இன்னும் வேகமாகப் பிடுங்கத் தொடங்கினாள்.

"இன்னிக்கு வேட்டைக்குப் பல் டாக்டர்தானே வர்றதா இருந்துச்சு?" என்றாள் வெர்னா.

"அவரு காலையிலயே போன் பண்ணிட்டாரே. வரலையாம்."

"அப்ப முன்னால யாரு?"

"எனக்கென்னடி தெரியும்? நான் உன்கூடத்தானே உக்காந்திருக்கேன்."

"ஹெட்டி அத்தை, என் முகத்தைப் பாத்துச் சொல்லுங்க. அவன் யாரைச் சோராங்கறான்?"

ஹெட்டி கையைத் துடைத்துக்கொண்டாள். எங்கள் ஆற்றில் ஹெட்டியைவிடப் பேசுகிறவள் கிடையாது. அவளே வார்த்தைக்குத் தடுமாறினாள். "கொரீன்தான் வந்திருக்கணும். பழைய படகுத்துறைக்காரர் மக. ஃபிலடெல்ஃபியாவுல ஒரு டாக்டரைக் கட்டிக்கிட்டுப் போனா. போன வருஷம் அவரு செத்துட்டாருன்னு பேச்சு. சின்ன வயசுல எல்வுட் அவளை அப்படித்தான் கூப்பிடுவான்."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது ஹெட்டிக்கே உறைத்தது. ஏனென்றால் பின்பக்க ஜன்னலுக்கு வெளியே, சரிவின் அடியில், எல்வுட்டின் படகு கட்டியிருந்தது. அதன் முகப்பில் வெள்ளை எழுத்தில் சோரா என்று எழுதியிருந்தது. எழுதியவள் வெர்னா.

வெர்னாவை எங்கள் ஆற்றுக்காரி என்று சொல்ல முடியாது. இதே மாரிஸ் ஆற்றில் வெகுதூரம் மேலே, கண்ணாடித் தொழிற்சாலைகள் இருக்கும் ஊரில் பிறந்தவள். வீட்டில் இரண்டு பெண்கள். ஈஸ்டருக்குத் தங்கைக்குப் புதுத்தொப்பி வரும், வெர்னாவுக்குப் போன வருஷத்துத் தொப்பியில் புதுநாடா வரும். தங்கை பாடினால் தேவாலயமே திரும்பிப் பார்க்கும். வெர்னா பாடினால் பக்கத்தில் நிற்பவள் புத்தகத்தைச் சற்று நகர்த்திக்கொள்வாள். பொறாமை என்பது அவளுக்குப் பிற்பாடு வந்த நோய் அல்ல. தொட்டிலிலேயே கூடப் படுத்து வளர்ந்தது.

தொழிற்சாலையில் அவளுக்கு ஒரே ஒரு பெருமை கிடைத்தது. மருந்துச் சீசாக்களின்மேல் தூரிகையால் பெயர் எழுதுகிற வேலை. அவள் கை நடுங்காது. ஒரு எழுத்து இன்னொன்றின் தோளில் இடிக்காது. ஆனால் சீசாவைக் கல்யாணம் செய்துகொள்ள முடியுமா? தங்கைக்கு மூன்று குழந்தைகள் பிறந்த பிறகும் வெர்னா சீசாக்களோடுதான் இருந்தாள்.

ஒரு குளிர்காலத்தில் தேவாலயத்தில் சிப்பி விருந்து நடந்தது. அதற்கு உணவுப் பட்டியலைப் பலகையில் எழுதியவள் வெர்னா. கீழாற்றிலிருந்து சிப்பி மூட்டை கொண்டுவந்த ஒரு நெட்டை மனிதன் பலகை முன்னால் நின்றுவிட்டான். "இந்த எழுத்து யாரோடது?" என்று கேட்டான். அவள் வாழ்க்கையில் ஓர் ஆண் அவளைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி அது. அந்த வசந்தத்திலேயே எல்வுட்டின் மனைவியாக எங்கள் ஆற்றங்கரைக்கு வந்தாள்.

எல்வுட் கோல்காரன். செப்டம்பரில் காட்டரிசி பழுத்ததும் அதைத் தின்ன அந்தப் பறவைகள் கூட்டம் கூட்டமாகச் சதுப்பில் இறங்கும். கானாங்கோழிக்குத் தங்கை என்று சொல்லலாம். உள்ளங்கையில் அடங்கும் உடம்பு, மஞ்சள் மூக்கு, புகையில் காட்டியெடுத்ததுபோலக் கறுத்த முகம், நிமிர்ந்த குட்டை வால். கண்ணில் படாமல் தாள்களுக்கிடையே வழுக்கிப் போகும். கடல் ஏற்றம் உச்சத்துக்கு வந்து தட்டைப் படகு புல்லுக்கு மேலே மிதக்கிற கொஞ்ச நேரம்தான் வேட்டை. தண்ணீர் வற்றத் தொடங்கினால் படகு புல்லில் சிக்கிக்கொள்ளும். படகில் இரண்டே பேருக்குத்தான் இடம். பின்னால் நின்று நீளக்கோலால் தள்ளுகிற கோல்காரன், முன்னால் பலகையில் உட்காருகிற வேட்டைக்காரன். அந்தப் பலகையில் நகரத்து வக்கீல்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், பல் டாக்டர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். வெர்னா ஒருமுறைகூட உட்கார்ந்ததில்லை. ஒரு செப்டம்பரில் ஆசையாகக் கேட்டாள். "காசு குடுக்கிறவங்க இடம் கண்ணு அது" என்றான் எல்வுட். அதற்குமேல் கேட்கக் கூச்சமாக இருந்தது.

எங்கள் ஆற்றில் படகின் பெயரை யாரும் விசாரிக்கமாட்டார்கள். வைத்த பெயரை மாற்றவும் மாட்டார்கள். மாற்றினால் படகு ஆளை விழுங்கிவிடும் என்பார்கள். ஒவ்வோர் ஆகஸ்டிலும் மங்கிப்போன எழுத்தைப் புதுப்பிக்கிற வேலை மட்டும் உண்டு. வந்த முதல் கோடையிலேயே எல்வுட் அந்தத் தூரிகையை வெர்னாவிடம் கொடுத்தான். அவள் அது பறவையின் பெயர் என்று நினைத்தாள். பறவையின் பெயர்தான். ஆனால் புத்தகத்துப் பெயர். ஆற்றில் அதை எல்லோரும் சதுப்புக்கோழி என்றுதான் சொல்வார்கள். வெளியூர்க்காரியான வெர்னா, படகைப் பார்த்து அந்தப் பெயரைக் கற்றுக்கொண்டாள். கடையில், தேவாலயத்தில், கிணற்றடியில் எல்லாம் அதையே சொன்னாள். "நேத்து நாலு சோராவை வெண்ணெயில வதக்கினேன்" என்பாள். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். தொழிற்சாலை ஊர்ப் பேச்சைக் கேட்டுச் சிரிக்கிறார்கள் என்று நினைத்து அவளும் கூடச் சிரித்துவைப்பாள்.

அந்தச் சிரிப்பெல்லாம் இப்போது ஒரே நேரத்தில் அவள் காதில் கேட்டது.

"அதுக்குத்தான் சிரிச்சாங்களா?" என்றாள்.

"விடு வெர்னா. எந்தக் காலத்துக் கதை."

"அவ பேரை நானே எழுதியிருக்கேன், அத்தை. கோடு கோடா இழைச்சு, வளைவு வளைவா, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு எழுதியிருக்கேன்."

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு எல்வுட் உள்ளே வந்தான். கதவுக்குப் பின்னால் கொக்கியில் தொங்கிய ரப்பர் காலணியை எடுத்தான். அவன் முகம் பளபளவென்றிருந்தது.

"வெர்னா, கொரீன் வந்திருக்கா. இந்த ஆத்துக்காரிதான். மகளோட ஆரிகன் பக்கம் குடிபோறாளாம். போறதுக்கு முந்தி ஒரே ஒரு ஏத்தம் சதுப்புக்குள்ள போய்ப் பாக்கணுமாம். பலகை காலியாத்தானே கிடக்கு, கூட்டிட்டுப் போறேன்."

"சுடப் போறாளா?"

"சும்மா உக்காந்து பாப்பா."

"சும்மா உக்கார அந்தப் பலகையில இடம் உண்டா? எனக்குத் தெரியாதே."

எல்வுட் ஒரு காலணியோடு நின்றான். ஹெட்டி இறகுக் கூடையைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். ஆனால் கதவை முழுதாகச் சாத்தவில்லை.

"படகுக்கு யாரு பேரு?" என்றாள் வெர்னா மெதுவாக.

பொய் சொல்ல அவனுக்கு வராது. அது அவனுடைய நல்ல குணம். அன்று அது கத்தியாக இருந்தது.

"இருபத்திரெண்டு வயசுல வச்சது. ஒரு வேட்டைக்காரர் புத்தகத்துல படம் காட்டி இதுக்குப் பேரு சோரான்னார். அந்த வார்த்தை புடிச்சிருந்தது. அவளை அப்படிக் கூப்பிட்டேன். அப்புறம் படகு கட்டினேன். மொதல் பனி விழுந்த ராத்திரி பறவையெல்லாம் சொல்லாம கொள்ளாமப் போயிடுமில்ல, அந்த மாதிரி அவளும் அந்த வருஷமே போயிட்டா. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

"பேரை மாத்தக்கூடாதுன்னு உனக்கே தெரியும். மாத்தினா படகு ஆளைத் தின்னுடும்."

"தின்னுட்டுப் போகட்டுமே! தின்னிருந்தா விதவைன்னு கௌரவமாவாவது இருந்திருப்பேன். நீ என் கையில தூரிகையைக் குடுத்தியே எல்வுட். வேற யார்கிட்டயாவது குடுத்திருக்கலாமில்ல?"

"உன் அளவுக்கு யாருக்கு எழுத வரும்?"

அவன் அதை உண்மையாகவே பாராட்டாகத்தான் சொன்னான். அதைக் கேட்டதும் வெர்னாவின் கண்ணில் நீர் நின்றது. அழுகையை முன்னறையில் இருக்கிறவள் கேட்டுவிடக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

ஜன்னல் வழியாக ஆறு தெரிந்தது. தண்ணீர் கரைச் சேற்றை மூடிவிட்டுப் புல்லின் இடுப்புக்கு ஏறிக்கொண்டிருந்தது. பௌர்ணமி ஏற்றம், அதோடு வடகிழக்குக் காற்று. அந்த வருஷத்திலேயே பெரிய ஏற்றம் அதுவாகத்தான் இருக்கும். கொஞ்ச நேரத்தில் அவள் புருஷனும் அந்தப் பெண்ணும் கைக்கெட்டும் தூரத்தில், சதுப்பின் நடுவே, யாரும் பார்க்க முடியாத இடத்தில் இருப்பார்கள். அங்கே அவன் அவளுக்காகக் கனைப்பான்.

கூடாது. அந்தப் பலகையில் அவள் உட்காரக் கூடாது. வேறு எது போனாலும் போகட்டும்.

வெர்னா ஏப்ரனால் முகத்தைத் துடைத்தாள். "சாப்பாட்டு நேரம். வந்தவங்களைப் பட்டினியா அனுப்பறதா? உக்காரச் சொல்லு. ரெண்டே நிமிஷம்."

எங்கள் ஆற்றில் மேசைமேல் தட்டு வைத்த பிறகு எழுந்து போனால் அது வீட்டுக்காரிக்குச் செய்த அவமானம். அது எல்வுட்டுக்குத் தெரியும். கொரீனுக்கும் தெரியும். அவளும் இங்கே வளர்ந்தவள்தானே.

"ஏத்தத்துக்கு முந்தி கிளம்பணும்" என்றான் எல்வுட்.

"கிளம்பு. யாரு வேண்டாங்கறா?"

அவன் போனதும் ஹெட்டி திரும்பி வந்தாள். வெர்னா பறவைகளை முழுசு முழுசாகக் குழம்பில் போட்டுக்கொண்டிருந்தாள். சட்டியில் வெங்காயமும் வெண்ணெயும் கொதித்தன. ஆழமான தட்டில் கறியை ஊற்றி, மேலே மாவை விரித்து மூடி, அடுப்புக்குள் வைக்கிற சமையல் அது. எப்போதும் நெஞ்சுக்கறியை மட்டும் அறுத்துப் போடுவாள்.

"என்னடி, எலும்போட போடற?"

"எலும்பு இருந்தாத்தான் ருசி."

"தீப்பெட்டிக் குச்சி மாதிரி எலும்பு. ஒவ்வொண்ணா உறிஞ்சி எடுத்துச் சாப்பிட்டா எப்ப முடியும்?" ஹெட்டி ஜன்னலைப் பார்த்தாள், பிறகு வெர்னாவைப் பார்த்தாள். மெல்ல அவள் வாய் அகன்றது. "அடிப்பாவி! தண்ணி வத்தற வரைக்கும் உக்கார வைக்கப் போறியா?"

"அவரையைக் கழுவுங்க அத்தை. மெதுவாக் கழுவுங்க."

கொரீனை வெர்னா சாப்பாட்டு மேசையில்தான் முதன்முதலாகப் பார்த்தாள். பார்க்காமலே இருந்திருக்கலாம். ஐம்பதை நெருங்கியும் கொடிபோல இருந்தாள். சாம்பல் நிற உடை, கழுத்தில் மெல்லிய முத்துமாலை. கை விரல்கள் பாத்திரம் தேய்க்காத விரல்கள். வெர்னா தன் கையை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். குளிர்காலம் முழுக்கத் தோலுக்காகச் சதுப்பெலி உரித்து உரித்துச் சிவந்துபோன கை அது.

"உங்களுக்குத் தொந்தரவு குடுத்துட்டேன்" என்றாள் கொரீன்.

"தொந்தரவா? உங்களை எனக்கு ரொம்ப வருஷமாத் தெரியும் போல இருக்கே. வருஷத்துக்கு ஒருதடவை உங்க பேரை எழுதிக்கிட்டிருக்கேன்."

கொரீனின் முகம் சிவந்தது. "வரும்போது துறையில பாத்தேன். எல்வுட்டு அதை இன்னும் வச்சிருப்பான்னு சத்தியமா எனக்குத் தெரியாது. எழுத்து அழகா இருந்துச்சு. அவன் கை இல்லைன்னு அப்பவே தெரிஞ்சுது."

"அவன் கை எப்படியிருக்கும்னு உங்களுக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கு."

எல்வுட் தொண்டையைச் செருமினான். ஹெட்டி அவரைக் கிண்ணத்தை அவன் முன்னால் தள்ளினாள். "சாப்பிடு எல்வுட். பேசினா ஆறிடும்."

ஆறுவதற்கு முதலில் கறி வரவேண்டுமே. அவரை வந்தது, தக்காளி வந்தது, சோளம் வந்தது. மாவு இன்னும் பொன்னிறமாகவில்லை என்று வெர்னா இரண்டு தடவை அடுப்பைத் திறந்து பார்த்தாள். திறந்தால் சூடு குறையும், இன்னும் நேரமாகும் என்பது சமைக்கிற எல்லோருக்கும் தெரியும். கோல்காரனுக்குத் தெரியுமா? அவன் பார்வை தட்டில் இல்லை. ஜன்னலில் இருந்தது. தண்ணீர் புல்லின் கழுத்துக்கு ஏறிவிட்டிருந்தது. எங்கேயோ தூரத்தில் முதல் துப்பாக்கி வெடித்தது. அவனுடைய முழங்கால் மேசைக்கு அடியில் ஆடத் தொடங்கியது.

கடைசியில் கறி வந்தது. கொரீன் மாவு மூடியை உடைத்து ஒரு பறவையை எடுத்தாள். முழுப் பறவை. கால், இறக்கை எல்லாம் இருந்தது. அதைச் சற்று நேரம் பார்த்தாள்.

"எங்கம்மா நெஞ்சை மட்டும்தான் போடுவா. ஏத்தத்து நாள்ல யாருக்கு எலும்பு பொறுக்க நேரம் இருக்கும்னு சொல்லுவா."

கொரீன் வெர்னாவின் கண்ணுக்குள் பார்த்தாள். எல்லாம் புரிந்த பார்வை. அதில் கோபம் இருந்திருந்தால் வெர்னா தாங்கியிருப்பாள். அதில் இருந்தது களைப்பு.

"எங்க வீட்டுல நேரம் உண்டு" என்றாள் வெர்னா.

"தெரியுது" என்றாள் கொரீன். ஒரு காலை எடுத்து நிதானமாக உறிஞ்சினாள்.

எல்வுட் தன் தட்டைப் பார்த்தான். அவனுக்கும் அப்போதுதான் கண்ணில் பட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவன் தின்றுவருகிற கறி அது. ஒரு எலும்புகூட இதுவரை அவன் பல்லில் பட்டதில்லை. முள்கரண்டியை வைத்துவிட்டு மனைவியை ஏறிட்டுப் பார்த்தான். வெர்னா பார்வையைத் திருப்பிக்கொண்டு காப்பிப் பாத்திரத்தைத் தூக்கினாள். ஊற்றுகிற கை ஆடியது. சீசாமேல் பெயர் எழுதும்போதும் ஆடாத கை. காப்பி தட்டில் சிந்தி, மேசைவிரிப்பில் பரவியது.

அந்த நேரத்தில்தான் ஆற்றிலிருந்து கூச்சல் வந்தது. கீழ்த்துறைக் கோல்காரன் ஒருவன், தன் வேட்டைக்காரரை ஏற்றிக்கொண்டு போகிறவன், வாயைக் குவித்துக் கத்தினான்.

"எல்வுட்! செத்துட்டியாடா? தண்ணி உச்சிக்கு வந்திருச்சு! சதுப்பெல்லாம் சும்மா நிக்குது, வாடா!"

எல்வுட் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். போகப் போகிறான். தட்டு, அவமானம், எல்லாவற்றையும் விட்டுவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு போகத்தான் போகிறான். போகட்டும். போனால் தங்கை வீட்டுக்கு இன்றைக்கே பஸ் இருக்கிறது என்று ஒரு நொடியில் முடிவுகட்டிவிட்டாள்.

எல்வுட் ஜன்னல் கண்ணாடியை மேலே தூக்கினான். காற்று உள்ளே வந்தது. அதோடு சதுப்பின் வாசமும் வந்தது.

"நான் இன்னிக்கு வரலைடா!"

"என்னது?"

"வரலைன்னேன்! சாப்பிட்டுக்கிட்டிருக்கேன்!"

"பௌர்ணமி ஏத்தத்துல சாப்பாடா? உனக்குக் காய்ச்சலா?"

"உன் வேலையைப் பாருடா!" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை இறக்கினான். திரும்பி வந்து உட்கார்ந்தான். காலில் இருந்த ரப்பர் காலணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி நாற்காலிக்குப் பின்னால் வைத்தான். பிறகு தட்டை வெர்னாவிடம் நீட்டினான்.

"இன்னும் ஒண்ணு போடு."

பௌர்ணமி ஏற்றத்தை எல்வுட் தவறவிட்டதாக எங்கள் ஆற்றில் ஒருவரும் அறிந்ததில்லை. அவன் அப்பா செத்த மறுநாளே படகில் நின்றவன். ஹெட்டியின் கையில் சோளம் பாதியில் நின்றது.

வெர்னா ஒரு பறவையை எடுத்து வைத்தாள். சந்தோஷம் வரும் என்று காத்திருந்தாள். முழுதாக வரவில்லை. பொறாமைக்காரியின் மனசு அப்படிப்பட்டது. ஜெயித்த கையோடு அது இன்னொரு கேள்வியைத் தூக்கிக்கொண்டு வந்தது. இவன் எனக்காக உட்கார்ந்தானா? இல்லை, அவளோடு அத்தனை நெருக்கத்தில் தனியாக இருக்கத் தன்னை நம்பாமல் உட்கார்ந்தானா? கேட்கவும் முடியாது. கேட்டால் பொய் சொல்லமாட்டான்.

பிறகு நால்வரும் சாப்பிட்டார்கள். வேறு என்ன செய்வது? ஹெட்டிதான் பேச்சைத் தொடங்கினாள். கொரீனின் அப்பா ஒருநாள் குடித்துவிட்டுத் தேவாலய மணிக்கயிற்றில் படகைக் கட்டிய கதையைச் சொன்னாள். கொரீன் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அந்த நீர் சிரிப்போடு நிற்கவில்லை என்பதை வெர்னா பார்த்தாள். பார்த்தும் பீச் பழத் தட்டை எடுத்துவந்தாள்.

"ஒரு துண்டு?"

"போதும்."

"எங்க மரத்துப் பழம்."

"சரி, ஒரு துண்டு" என்றாள் கொரீன்.

ஜன்னலுக்கு வெளியே தண்ணீர் கொஞ்ச நேரம் அசையாமல் கண்ணாடியாக நின்றது. புல்நுனிகள் மட்டும் வெளியே தெரிந்தன. பிறகு கரையோரத்து நுரை மெல்லத் திசைமாறிக் கடலைப் பார்த்து நகர ஆரம்பித்தது. படகுத்துறைக் கம்பத்தில் ஈரக்கோடு ஒன்று தெரிந்தது. ஈரம் விரிந்தது. கோல்காரனின் மேசையில் உட்கார்ந்திருந்த நால்வருக்கும் அது தெரிந்தது. யாரும் சொல்லவில்லை. துப்பாக்கிச் சத்தம் ஒவ்வொன்றாக ஓய்ந்தது.

கொரீன் கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"எல்வுட், நான் கிளம்பறேன்."

"சரி கொரீன்." கொரீன் என்றுதான் சொன்னான். அவன் வாயில் அந்தப் பெயர் புதுச்செருப்புப்போலக் கடித்தது. எழுந்து நின்று கையை நீட்டினான். அவள் அந்தக் கையைப் பிடித்தாள், விட்டாள். வெர்னா அதையும் கவனித்தாள். எவ்வளவு நேரம் பிடித்தாள் என்பதையும் கவனித்தாள்.

வாசல்வரை கொண்டுபோய் விட்டது வெர்னாதான். ஹெட்டியும் எல்வுட்டும் சமையலறையிலேயே இருந்தார்கள். முன்னறையில் கொரீன் தன் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டாள். பொத்தானைப் போடும்போது தலை நிமிராமலே கேட்டாள்.

"நாளைக்கும் ஏத்தம் உண்டு. இவ்வளவு பெரிசா இருக்காது. ஆனா படகு மிதக்கும். நான் பக்கத்து ஊர்ல ஒரு ராத்திரி தங்க முடியும். உங்ககிட்டத்தான் கேக்கறேன். அவன்கிட்ட இல்லை."

இந்தப் பெண் கெஞ்சுகிறாள். கணவன் இல்லாதவள், ஊர் விட்டுப் போகிறவள், இனிமேல் இந்த ஆற்றைப் பார்க்கவே போவதில்லை. ஒரு வார்த்தை 'சரி' என்று சொன்னால் தான் பெரிய மனுஷி ஆகிவிடலாம் என்பது வெர்னாவுக்குத் தெரியும். தேவாலயத்தில் அதைத்தான் சொல்லுவார்கள். அந்த வார்த்தை தொண்டைவரைக்கும் வந்தது.

வரவில்லை.

"நாளைக்குப் பலகையில இடம் இல்லைங்க" என்றாள். "நான் உக்காரப் போறேன்."

"நீங்களா?"

"நான்தான். இதுவரைக்கும் உக்காந்ததே இல்ல."

கொரீன் நிமிர்ந்து பார்த்தாள். "ஒருதடவைகூடவா?" என்பது மட்டும் அவள் முகத்தில் இருந்தது. சமையலறையில் நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது. எல்வுட் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

"கனமான துணியாப் போட்டுக்கோங்க" என்றாள் கொரீன் கடைசியில். "புல்லு கையை அறுக்கும். படகு திரும்பும்போது கோல் பக்கம் சாயாதீங்க. நேராப் பாத்து உக்காருங்க."

"சரி."

"திரும்பி அவனைப் பாக்காதீங்க. பாத்தா படகு ஆடும்."

வெர்னாவுக்குச் சுருக்கென்றது. திரும்பிப் பார்த்து ஆடவைத்தவள்தானே இதைச் சொல்கிறாள். ஆனாலும் அவள் சொன்ன ஒவ்வொன்றையும் மனசில் வாங்கிக்கொண்டாள்.

"போய்ட்டு வர்றேன்னு சொல்ல முடியாது" என்றாள் கொரீன். படியிறங்கினாள். ஆற்றுப்பக்கம் திரும்பிப் பார்க்காமல் நேரே காரை நோக்கி நடந்தாள். காற்று அவள் கோட்டைப் பின்னால் இழுத்தது.

அவள் காரில் ஏறும்வரை வெர்னா வாசலிலேயே நின்றாள். மரியாதைக்காக இல்லை. போய்விட்டாள் என்று கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது. பிறகு கதவைச் சாத்தி, தாழ்ப்பாளையும் போட்டாள்.